தனுஷ்கோடியில் சிவக்கும் உள்ளான்

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, இராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வேலையில்லாமல் நிற்கும். அந்த நாட்களில் தனுஷ்கோடிப் பக்கம் போனால் உள்ளான் என்னும் கரையோரப் பறவைகளைப் பாருங்கள். குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் சேற்றைக் குத்திக்கொண்டிருந்த வளைமூக்கு உள்ளானின் நெஞ்சும் வயிறும் செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். கல்யாண உடுப்பு இங்கே. கல்யாணம் சைபீரியாவின் வடகோடித் தூந்திரத்தில், அதாவது மரமில்லாத உறைபனிச் சமவெளியில்.

அங்கே பனி உருகுவது ஜூனில்தான். முந்திப் போனால் இரை இல்லை. பிந்தினால் குஞ்சு தேறுவதற்குள் குளிர் வந்துவிடும். சரி, ஆண்டு முழுக்க வெயில் காயும் நம் கரையில் நிற்கும் பறவைக்குக் கிளம்பும் நேரம் எப்படித் தெரிகிறது?

வெளிச்சம் பாதி விடை. பறவையின் மூளை ஆழத்தில் ஒளியுணரும் செல்கள் இருக்கின்றன. மண்டையோட்டைத் தாண்டி வரும் ஒளியே அவற்றுக்குப் போதும், கண்கூட வேண்டாம். பகல் நீண்டால் அங்கிருந்து ஹார்மோன்கள் தூண்டப்பட்டு, அதுவரை சுருங்கிக் கிடந்த இனப்பெருக்க உறுப்புகள் பல மடங்கு பெருக்கும். (பறக்கிற உடம்புக்கு ஆண்டு முழுக்க அந்தச் சுமை எதற்கு?)

ஆனால் இராமநாதபுரத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரமே வித்தியாசம். மீதி விடை உடம்புக்குள் ஓடும் ஆண்டுக் கடிகாரம். பகலும் இரவும் 12 மணி நேரமாகவே நிறுத்தப்பட்ட கூண்டிலும், இதன் உறவுக்கார உள்ளான் ஒன்று ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை எடை கூடி இறகு மாற்றியது. பகலின் சிறு மாற்றம் அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது.

தூந்திரத்தில் ஆண் இணைசேர்வதோடு சரி. ஜூலையிலேயே தெற்கே திரும்பத் தொடங்கிவிடும். நான்கு முட்டைகளை அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் தாய்தான். பொரித்த ஒரு நாளுக்குள் குஞ்சுகள் நடந்து, தாமே பூச்சி பிடிக்கும்.

அவை பிழைப்பது பெரும்பாலும் லெம்மிங் என்ற எலியினத்தைப் பொறுத்தது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை லெம்மிங் பெருகும். துருவநரி அதைத் தின்று வயிறு நிறைத்துக்கொள்ளும். லெம்மிங் குறைந்ததும் நரியின் மூக்கு உள்ளான் கூட்டைத் தேடும். அந்த ஆண்டு தெற்கே வரும் கூட்டத்தில் இளசுகள் அரிது.

வரும் இளசுகளும் வழிகாட்டப் பெற்றோர் இல்லாமலே வந்து சேர்கின்றன. அடுத்த கோடையில் பெரியவை சிவந்து கிளம்ப, இவற்றில் பல கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் சாம்பல் நிறத்தோடே இங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும்.