தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம்: 21 நாளுக்குள் செய்ய வேண்டியது

புதிய தேசிய நெடுஞ்சாலை எந்த ஊர் வழியாகப் போகும் என்பது புல்டோசர் வருவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடும். ஆலோசனை நிறுவனம் ஒன்று வாகனங்களை எண்ணி, மண்ணைச் சோதித்து, இரண்டு மூன்று பாதைகளை ஒப்பிட்டுத் திட்ட அறிக்கை தயாரிக்கும். நிலத்துக்காரர் பேச வேண்டிய கட்டம் அதற்கு அடுத்தது.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956, பிரிவு 3ஏ-இன்படி, இன்னின்ன நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும். அதன் சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களிலும் வர வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும். பொடி எழுத்தில் வரிசையாகப் புல எண்கள் இருக்கும், யார் கண்ணிலும் எளிதில் படாது. ஆனால் ஆட்சேபனை கொடுக்க 21 நாள்தான். சட்டம் அதை அரசிதழ் வெளியீட்டிலிருந்து எண்ணச் சொல்கிறது. பேப்பரில் வந்த தேதியை நம்பி இருக்க வேண்டாம்.

மனுவை எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் நில எடுப்புப் பிரிவின் மாவட்ட வருவாய் அலுவலர்தான் அதை விசாரிப்பார். 'வாழ்வாதாரம் போகிறது' என்பது உண்மையாகவே இருந்தாலும், அதை மட்டும் எழுதினால் எடுபடுவது கடினம். புல எண், உட்பிரிவு, எடுக்கும் பரப்பு, அதிலுள்ள கிணறு, வீடு எல்லாம் வரட்டும். பாதையைச் சற்று நகர்த்தினால் புறம்போக்கில் போகும் என்றால் அந்தப் புல எண்ணையும் எழுதுங்கள். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ விசாரணையில் பேச உரிமை உண்டு.

ஆட்சேபனைகளை விசாரித்து முடித்த பிறகு, நிலத்தை எடுத்தாயிற்று என்று சொல்லும் பிரிவு 3டி அறிவிக்கை வரும். 3ஏ வெளியான ஓராண்டுக்குள் அது வராவிட்டால் (நீதிமன்றத் தடை இருந்த காலம் கணக்கில் சேராது) 3ஏ காலாவதி. வந்துவிட்டால், பணம் கைக்கு வராவிட்டாலும், நிலம் மத்திய அரசுடையது. பிறகு பேச மிஞ்சுவது இழப்பீடுதான். அதை 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டக் கணக்கில் போடுவார்கள்; ஆறுதல் தொகை (கட்டாயமாக எடுப்பதற்காகக் கணக்கிட்ட இழப்பீட்டுக்கு மேல் சேர்த்துத் தருவது) 100 சதவீதம். தொகை போதாது என்றால் நடுவரிடம் போகலாம்.

சுற்றுச்சூழல் அனுமதியும் அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பும் தனித் தடத்தில் நடப்பவை. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கில், அந்த அனுமதி இல்லாமல் வந்த 3ஏ அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. 3ஏ கட்டத்துக்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டியதில்லை என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஆகவே கருத்துக்கேட்பில் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்து 21 நாளைக் கோட்டைவிடாதீர்கள்.