பசோ செட்டே வாங்கும் முன்

கிளிநொச்சியில் கராஜ் நடத்தும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: ஏழு பேர் போகலாம் என்கிறார்களே, பழைய டொயோட்டா பசோ செட்டே கார் ஒன்றை நம்பி எடுக்கலாமா? 2020 இல் வாகன இறக்குமதி நின்றபின் ஹயேஸ் வானின் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாமல் போய்விட்டது. அதனால் சிறிய வாகனத்தைத் தேடுவது நியாயமே. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

டொயோட்டா இதை 2008 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்டு, 2012 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு இல்லாதது அங்கே பெருங்குறையாகப் பார்க்கப்பட்டது. 2010 இல் நிறுத்திய, தள்ளித் திறக்கும் கதவுள்ள சியன்ரா என்ற தங்கள் ஏழு பேர் வாகனத்தையே 2011 இல் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நெருக்கமான தரிப்பிடங்கள் உள்ள ஜப்பானில் அந்தக் கதவு இல்லாதது குறைதான். எங்கள் அகன்ற வளவுகளில் சாதாரணக் கதவு ஒரு குறையே இல்லை. தள்ளு கதவுக்கு இருப்பதுபோல் கிரவல் தூசி படிந்து இறுகும் தண்டவாளமும் அதில் கிடையாது.

எஞ்சினைப் பற்றிப் பயம் வேண்டாம். 1.5 லீற்றர் 3எஸ்இசட் எஞ்சின் பழைய டொயோட்டா றஷ் வாகனத்திலும் இருந்தது. குறித்த காலத்தில் மாற்றவேண்டிய ரைமிங் பெல்ற்றுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால், எஞ்சின் ஒயிலை மட்டும் தவணை தவறாமல் மாற்றுங்கள்.

சிக்கல் உடற்பாகங்களில்தான். மூன்று ஆண்டுகளே விற்ற வாகனத்தின் பின்விளக்கு, பின்கண்ணாடி, பின்கதவு ஆகியவற்றைப் கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில்கூடத் தேடி அலைய வேண்டிவரும். கடையில் வெறுமனே "பசோ" என்று கேட்டால் சிறிய பசோவின் சாமானைத் தந்துவிடுவார்கள். அது வேறு வாகனம். எம்502 என்று தொடங்கும் செசி இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். டைஹற்சு பூன் லுமினாஸ் இதன் இரட்டை என்பதால் அந்தப் பெயரிலும் விசாரிக்கலாம்.

வாங்கும் முன் வாகனத்தின் அடியைக் கட்டாயம் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,750 மில்லிமீற்றர். அதே காலத்துச் சிறிய பசோவில் 2,440தான். இந்த நீளத்தோடு ஏழு பேரும் ஏறிக் குளக்கட்டில் ஏறி இறங்கினால் நடுவயிறு தட்டும். புகைக்குழாயிலும் எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் சம்பிலும் உராய்ந்த தடம் இருந்தால் விலை பேசுவதற்கு முன் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாவது வரிசையைப் பற்றி. வாகனத்தின் மொத்த நீளமே 4.18 மீற்றர். கடைசி இருக்கையில் இருப்பவரின் தலை பின்கண்ணாடிக்கு மிக அருகில் இருக்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ போகும்போது சிறுபிள்ளைகளைத்தான் அங்கே ஏற்றுகிறோம். பல வாகனங்களில் அந்த இருக்கையின் ஆசனப்பட்டி மடிப்புக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. ஏ9 வீதியில் பஸ்களும் லொறிகளும் பின்னால் நெருக்கிக்கொண்டு வரும் வேகம் உங்களுக்குத் தெரியும். பட்டியை வெளியே எடுத்து, பூட்டு விழுகிறதா, வேகமாக இழுத்தால் இறுகிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் அந்த வரிசையை மடித்து வைத்துவிட்டு, ஐந்து பேர் வாகனமாகவே பாவியுங்கள். பெரியவர்கள் வேண்டுமானால் பஸ்ஸில் வரட்டும்.