எலும்பு கூடிடுச்சு, கை ஏன் இன்னும் தூக்க வரல?

பைக்ல விழறப்போ தலை ஒரு பக்கம் போகும், தோள் கீழ்ப்பக்கம் இழுபடும், அந்த இழுப்பு மொத்தமும் கழுத்துலேர்ந்து கைக்குப் போற நரம்புக் கூட்டத்து மேல விழும். பிரேக்கியல் பிளெக்ஸஸ்னு சொல்வாங்க. தண்டுவடத்துலேர்ந்து அஞ்சு வேர் கிளம்பி, பின்னிப் பிணைஞ்சு, காறை எலும்புக்கு அடியில நுழைஞ்சு கைக்கு வருது. மேல் ரெண்டு வேர், அதாவது சி5, சி6 போச்சுன்னா தோளத் தூக்க முடியாது, முழங்கைய மடக்க முடியாது, ஆனா விரல் வேலை செய்யும். அதனாலயே பல பேரு "தானா வந்துடும்"னு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, தினமும் ஜொகூர்லேர்ந்து உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு பைக்ல வேலைக்கு வர்ற நம்ம ஆளுங்க இதக் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும்.

லேசான அடின்னா சில வாரத்துல தானாவே வந்துடும்தான். உள்ள இருக்கிற இழை அறுந்துட்டா அது திரும்ப வளரணும், வேகம் நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர், 20 சென்டிமீட்டர் போக 200 நாள். அதுவரைக்கும் நரம்பு இல்லாத தசை சூம்பிக்கிட்டே போகும், ஒன்னு ஒன்றரை வருஷம் ஆயிட்டா நரம்பு வந்து சேந்தாலும் தசை ஏத்துக்காது. அதனாலதான் மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள அசைவு வரலேன்னா ஆபரேஷன் பத்திப் பேசுறாங்க.

வேரே தண்டுவடத்துலேர்ந்து பிடுங்கிட்டு வந்துட்டா அத நேரடியா தைக்க வழியில்ல. அப்போ வேற நரம்புலேர்ந்து கடன் வாங்கணும். 1994ல பிரான்ஸ் சர்ஜன் ஓபர்லின் வெளியிட்ட முறை எனக்கு இன்னும் பிரமிப்புதான்: மேல்கையோட உள்பக்கம் திறந்து, விரலுக்குப் போற அல்னார் நரம்பப் பிரிச்சு, ஒவ்வொரு இழைக்கட்டையும் சின்ன கரண்ட் வச்சு தொட்டுப் பாப்பாங்க, எது மணிக்கட்ட மட்டும் மடக்குதோ அத எடுத்து, முழங்கைய மடக்குற பைசெப்ஸ் தசைக்குப் போற நரம்புக் கிளையோட மைக்ராஸ்கோப்ல தலைமுடிய விட மெல்லிசான நூலால தைப்பாங்க. தசை பக்கத்துலயே இருக்கறதால சில மாசத்துல துடிப்பு தெரியும். ஆரம்பத்துல மணிக்கட்ட மடக்கணும்னு நினைச்சாத்தான் முழங்கை மடங்கும், அப்புறம் மூளை பழகிக்கும். அஞ்சு வேரும் போனவங்களுக்கு விலா எலும்புக்கு இடையில ஓடுற நரம்ப எடுப்பாங்க, அவங்களுக்கு முதல்ல மூச்ச இழுத்தா கை மடங்கும்!

சிங்கப்பூர்ல ஹேண்ட் சர்ஜரி தனித் துறையாவே இருக்கு, எலும்பு டாக்டர்கிட்டயே கேட்டு அங்க அனுப்பச் சொல்லுங்க, நரம்பு டெஸ்ட் ஈஎம்ஜி அடிபட்ட மூணு நாலு வாரத்துக்கு அப்புறம் எடுத்தாத்தான் சரியா தெரியும். காத்திருக்கிற மாசங்கள்ல பிசியோ சொல்லித்தர்ற மாதிரி நல்ல கையால அடிபட்ட கைய தினமும் நீட்டி மடக்கி விடணும், மூட்டு இறுகிட்டா நரம்பு வந்து சேந்தும் கை மடங்காது.