எம்.எஸ்.டபிள்யூ. ஒன்லைனில் படிக்கலாம், களத்தை எங்கே செய்வீர்கள்?

பதவி உயர்வு நேர்முகத் தேர்வுகள் நெருங்கும் காலத்தில் எனக்கு வரும் வட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒரு விளம்பரத்தின் ஸ்கிரீன்சொட், அதன் கீழே "அக்கா, இது நல்லதோ?" என்று ஒரு வரி. சமூகப்பணியில் முதுமாணி (எம்.எஸ்.டபிள்யூ.), முழுக்க ஒன்லைன், ஒரே வருடம், தவணை முறையில் கட்டலாம். அனுப்புகிறவர்கள் பிரதேச செயலகங்களில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர்கள், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள், தொண்டு நிறுவனங்களில் உளசமூகப் பணி செய்கிற பிள்ளைகள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று வன்னி முழுக்க இந்த ஆசை இருக்கிறது.

ஆசையில் ஒரு பிழையும் இல்லை. 2009இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்கிடையே பதிவுக் கொப்பியோடு நடந்து திரிந்தவர்கள் பலர் இன்றைக்கும் இதே வேலையில்தான் இருக்கிறார்கள். அப்போது மூன்று நாள் பயிற்சி, ஐந்து நாள் பயிற்சி என்று கொடுத்து நேரே சனத்துக்குள் இறக்கிவிட்டார்கள். 2012 செப்ரெம்பரில் முகாமை மூடி, சனம் ஊருக்குத் திரும்பிய பிறகும் அதே கதைதான். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய், நுண்கடன்காரருக்கு ஒளிக்கும் குடும்பம், புனர்வாழ்வு முடித்து வந்து வேலை கிடைக்காமல் இருப்பவர் என்று எல்லாரோடும் கதைத்துப் பழகிய அனுபவம் இவர்களிடம் மலை போல இருக்கிறது. கையில் இருப்பதோ ஒரு கோவை நிறையப் பயிற்சிச் சான்றிதழ்கள். நேர்முகத் தேர்வில் அந்தக் கோவையை யாரும் திறந்தும் பார்ப்பதில்லை. பட்டம் கேட்கிறார்கள்.

சரி, அப்படியென்றால் படிக்கத்தான் வேண்டும். ஆனால் விளம்பரத்தை அனுப்பும் எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது கட்டணத்தையும் இல்லை, பல்கலைக்கழகத்தின் பெயரையும் இல்லை. களப்பயிற்சி எத்தனை மணித்தியாலம், எங்கே, யாருடைய மேற்பார்வையில்? அநேகமானோருக்குப் பதில் தெரியாது. விளம்பரத்திலும் இருக்காது.

சமூகப்பணியைத் தொழிலாக ஒழுங்குபடுத்தியிருக்கும் நாடுகளில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு. அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்விச் சபை அங்கீகரித்த முதுமாணிக்குக் குறைந்தது 900 மணித்தியாலக் களப்பயிற்சி வேண்டும். வகுப்பு ஒன்லைனில் நடந்தாலும் இந்தக் கணக்குக் குறையாது. அவுஸ்திரேலியாவில் அது 1000 மணித்தியாலம். இங்கிலாந்தில் தொழில் தகுதி தரும் கற்கைகளுக்கு 200 நாள். ஒன்லைன் என்பது விரிவுரைக்கு மட்டும்தான். மிச்சத்தை எங்கேயாவது ஓர் ஊரில், வெயிலில், மனிசர் முகத்துக்கு முன்னால் செய்தாக வேண்டும். கிழமைக்கு இரண்டு முழு நாளை ஒதுக்கினாலும் 900 மணித்தியாலத்தை முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும். வேறு துறையில் பட்டம் பெற்று, முழுநேர வேலையும் பார்க்கும் ஒருவருக்கு ஒரு வருடத்தில் எம்.எஸ்.டபிள்யூ. என்று யாராவது சொன்னால், ஒன்று களம் இல்லை, அல்லது அது தொழில் தகுதி தரும் படிப்பே இல்லை. அமெரிக்காவில் ஒரு வருடத்தில் முடிக்கும் வழி உண்டுதான், ஆனால் அது ஏற்கெனவே சமூகப்பணியில் இளமாணி முடித்தவர்களுக்கானது. இங்கே வரலாறும் வர்த்தகமும் படித்துவிட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு அது பொருந்தாது.

இன்னொன்று, பல அமெரிக்க ஒன்லைன் கற்கைகள் களப்பயிற்சி ஏற்பாட்டுக்காகவே அங்கே வசிப்பவர்களை மட்டும் சேர்க்கின்றன. விண்ணப்பக் கட்டணத்தை டொலரில் கட்டுவதற்கு முதல் ஒரு மெயில் போட்டு இதைக் கேளுங்கள். ஒரு மெயிலுக்குக் காசில்லை.

மேற்பார்வையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று சிலர் கேட்பார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் களப்பயிற்சி செய்த ஒரு மாணவியின் பதிவை உதாரணமாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் போகாத பிள்ளை ஒன்றின் வீட்டுக்குப் போய் வந்து எழுதியிருந்தாள்: "தாய் ஒத்துழைக்கவில்லை. கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் தந்தார்." வடிவான எழுத்து, ஒரு வசனப் பிழையும் இல்லை. அதைப் படித்துவிட்டு நான் கேட்டேன்:

"எத்தனை மணிக்குப் போனனீங்கள்?"

"பத்து மணிக்கு அக்கா."

"தாய் அப்ப வீட்டிலயோ நின்றவ?"

"இல்லை, கச்சான் பிடுங்கப் போனவ. பக்கத்து வீட்டுப் பெடியன்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தவன்."

"அப்ப அண்டைக்குச் சம்பளம்?"

மாணவி பேசாமல் இருந்தாள். நாட்கூலிக்குப் போன ஒருத்தியைத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டு, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் அவ எப்படி விரித்துக் கதைப்பா? அரை நாள் கூலி போய்விட்டது என்ற எண்ணம்தானே மனதில் ஓடும். அதோடு, பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போவதில்லை என்பதற்கான பதிலும் அங்கேயேதான் கிடந்தது. தாய் கச்சானுக்குப் போகும் நாட்களில் வீட்டில் இருக்கும் சின்னனைப் பார்க்க ஆள் வேண்டும். அடுத்த முறை அந்த மாணவி பின்னேரம் போனாள். பிள்ளையைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்கவே இல்லை. தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் தாய் தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டா.

வெளிநாட்டில் இருந்து அதே பதிவைப் படிக்கும் ஆசிரியர் திறந்த கேள்விகளைப் பாவிக்கும்படி குறிப்பு எழுதியிருப்பார். அது பிழையான குறிப்பு இல்லை. ஆனால் எத்தனை மணிக்குப் போனாய் என்று கேட்க, கச்சான் பருவம் தெரிந்த ஆள் வேண்டும். மேற்பார்வை சூமில் நடக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மேற்பார்வை செய்பவருக்கு இந்த மண் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆளைத் தேடுவதுதான் வன்னியில் பெரிய பாடு. களத்துக்குக் குறைவில்லை. பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவு, நன்னடத்தை அலுவலகம், வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, பெண்கள் அமைப்புகள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலை கிடக்கிறது. சமூகப்பணியை முறையாகப் படித்து, மாணவரை மேற்பார்வை செய்ய நேரமும் உள்ளவர்கள்தான் குறைவு. அமெரிக்க விதிப்படி முதுமாணி மாணவருக்கு மேற்பார்வை செய்பவர் அங்கீகரிக்கப்பட்ட சமூகப்பணி முதுமாணியும் சமூகப்பணிப் பட்டத்துக்குப் பிறகு 2 வருட அனுபவமும் உடையவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காத இடத்தில் பல்கலைக்கழகமே அந்தப் பொறுப்பை எடுக்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் அதை எப்படிச் செய்யப் போகிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இப்போது வேலை செய்யும் அலுவலகத்திலேயே களப்பயிற்சி செய்யலாமா என்றும் கேளுங்கள். சில இடங்களில் விடுவார்கள். ஆனால் வழமையான வேலையையே களப்பயிற்சி என்று எழுதிக் கொடுக்க முடியாது, வேறு பொறுப்பும் வேறு மேற்பார்வையாளரும் கேட்பார்கள். அரச உத்தியோகத்தர் என்றால் லீவு விசயத்தை அரச ஊழியருக்கான விதிகள் உள்ள தாபனக் கோவையோடு வைத்துப் பார்த்து, திணைக்களத்திடம் முதலே அனுமதி எடுத்துவிட வேண்டும்.

அங்கீகாரம் என்ற சொல்லை வைத்து நிறைய விளையாட்டு நடக்கிறது. இதில் மூன்று வேறு வேறு விசயம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தினதோ சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தினதோ பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். அது பல்கலைக்கழகத்துக்கான அங்கீகாரம். அந்தப் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிக் கற்கையை அந்த நாட்டின் தொழில்சார் அமைப்பு ஏற்றிருக்கிறதா என்பது வேறு கேள்வி. பெயரில் சமூகப்பணி இருந்தும் தொழில் தகுதி தராத முதுமாணிகள் உண்டு. ஆய்வுக்கும் அறிவுக்கும் நல்லவை, ஆனால் நாளைக்கு அங்கே போய்ச் சமூகப்பணியாளராகப் பதியலாம் என்று கனவு காணக் கூடாது. மூன்றாவது, உங்கள் பதவிக்கான ஆட்சேர்ப்பு, பதவி உயர்வு விதிகளைச் சொல்லும் சேவைப் பிரமாணக் குறிப்பு இந்தப் பட்டத்தைக் கணக்கில் எடுக்கிறதா? முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவதில் தடக்கி விழுந்தவர்கள் இருக்கிறார்கள். அனுபவத்துக்கே பட்டம் தருகிறோம், கூடவே கௌரவக் கலாநிதியும் உண்டு என்று வருகிறவர்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

நேரத்துக்கு வருவோம். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட். அதாவது 3000 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் முடிப்பதென்றால் கிழமைக்கு ஏறத்தாழ 29 மணித்தியாலம். வெளிநாட்டுப் பட்டங்கள் இந்தக் கணக்கில் ஓடுவதில்லை என்றாலும் வேலையின் அளவை ஊகிக்க இது போதும். அதற்கு மேல் கடிகாரமும் உதவாது. மாரியில் லண்டன் நேரம் இரவு 7 மணி வகுப்பு நமக்கு நள்ளிரவு 12.30. நியூயோர்க்கில் பின்னேரம் 6 மணி என்றால் இங்கே விடிய 4.30, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தும் நேரத்தில் வகுப்பு முடியும். வகுப்பைப் பிறகு பார்க்கலாமா, நேரடியாகவே இருக்க வேண்டுமா என்று சேர முதல் கேளுங்கள்.

கட்டணம் டொலரில் என்றால் இன்னொரு ஆபத்து. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதத்திலேயே 350ஐத் தாண்டியது. இரண்டாம் தவணை கட்ட இருந்தவர்களின் கணக்கெல்லாம் தலைகீழானது. முழுப் படிப்புக்குமான காசைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் தொடங்குவதில்லை, தெரியும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணரை நம்பித் தொடங்குகிறீர்கள் என்றால் அண்ணரிடம் மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

அசைன்மன்ற் எழுதித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஒருக்கால் போனவர் திரும்பத் திரும்பப் போவார். ஆங்கிலம் தடையாக இருந்தால் முதலில் அதற்கு ஆறு மாதம் கொடுங்கள்.

இவ்வளவும் படிப்பவருக்கு வரும் கஷ்டம். நம்மிடம் கதை சொன்ன சனத்துக்கு வரக்கூடியதைத்தான் நான் கூடுதலாக யோசிக்கிறேன். ஒன்லைன் வகுப்பில் சம்பவ ஆய்வு சமர்ப்பிக்கச் சொல்வார்கள், வகுப்பைப் பதிவும் செய்வார்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறோம். புதுக்குடியிருப்புப் பிரதேசத்தில் ஒரு தாய், யுத்தம் முடிந்தபோது இரண்டு பிள்ளைகளைப் படையினரிடம் கையளித்தவ, ஒரு கால் இல்லை என்று எழுதினால் பெயர் எதற்கு? வன்னிச் சனம் உலகம் பூராவும் சிதறிக் கிடக்கிறது. ரொறன்ரோவிலிருந்து அதே வகுப்பில் இருக்கும் பிள்ளை அந்தத் தாயின் பெறாமகளாகவும் இருக்கலாம். ஊர், வயது, காயம், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் கதைக்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் மாற்றுங்கள். சம்மதம் கேட்கும்போது, இதை வெளிநாட்டில் இருக்கிற ஆக்களும் கேட்பார்கள், பதிவும் செய்வார்கள் என்று நேரடியாகச் சொல்லிக் கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். அந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு வேறு ஒன்றை எழுதுங்கள்.

ஒன்லைன் என்றாலே மட்டம் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை கையெழுத்து வைக்க இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாயால் எத்தனை மாதம் முடியும்? பூநகரியில் வீட்டில் இருந்தபடியே அறநெறிக் கோட்பாட்டையும் ஆய்வு முறையையும் நல்ல ஆசிரியரிடம் கற்க முடிவது சின்ன விசயம் இல்லை. அதே நேரம் 1952இலிருந்து இங்கே சமூகப்பணி கற்பிக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தையும் மறக்க வேண்டாம். டிப்ளோமா, இளமாணி, முதுமாணி மூன்றும் அங்கே உண்டு. சமூகப்பணியை ஒரு நாளும் பாடமாகப் படிக்காதவர்களுக்கு, வெளிநாட்டு முதுமாணிக்குப் பாய்வதை விட அங்கே டிப்ளோமாவில் தொடங்குவது நல்லது என்பதே என் அபிப்பிராயம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி எம்.எஸ்.டபிள்யூ.வைப் பற்றியும் கேட்கிறார்கள். அதிலும் களம் உண்டு, குறைந்தது 2 வருடம், ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ எழுத வேண்டும்.

தீர்மானித்துவிட்டீர்கள் என்றால், விண்ணப்பத்தை நிரப்ப முதல் மேற்பார்வையாளரைத் தேடுங்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சமூகப்பணி முடித்தவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். மூன்று மாதம் முன்னதாக வந்து, கற்கையின் களக் கையேட்டையும் கொண்டுவந்து காட்டிக் கேட்டால் பெரும்பாலும் ஓம் என்போம். நாளைக்குப் படிவம் அனுப்ப வேண்டும், ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்கோ என்று வந்தால் போட மாட்டோம்.