இளைத்தாரா, வாடினாரா, வெளுத்தாரா?

கேஸ் ஷீட்டில் நாங்கள் எழுதுவது பெரும்பாலும் ஒரே சொல்தான்: சோர்வு. கூட வருகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. "முகம் வாடிக் கிடக்கு", "துரும்பா இளைச்சுட்டார்", "ரத்தமே இல்லாம வெளுத்துட்டா" என்பார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு சேதி.

வாட்டம் ஒரு நாள், இரண்டு நாள் சமாச்சாரம். நன்றாகத் தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும். இளைப்பது அப்படியில்லை. (சிலர் இளைப்பு என்று மூச்சு வாங்குவதைச் சொல்வார்கள். அதனால் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வேன்.)

ஐம்பதை ஒட்டிய ஒருவர் வந்தார். "வேலை ஜாஸ்தி, வேறொண்ணும் இல்ல" என்றார். "ஆளே உருமாறிட்டார் டாக்டர், ஆனா நல்லாத்தான் சாப்பிடுறார்" என்றார் மனைவி. பெல்ட்டைப் பார்த்தேன். ஆணியால் குத்திய இரண்டு புது ஓட்டைகள். கன்னம் ஒட்டி, நெற்றிப்பொட்டுகள் பள்ளமாகியிருந்தன. அங்கே கொழுப்பும் தசையும் கரைந்தால்தான் அப்படிக் குழி விழும், வெறும் களைப்பில் விழாது. ராத்திரி சிறுநீர் கழிக்க எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்றேன். நாலு தடவையாம். சர்க்கரை எகிறியிருந்தது.

நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் சர்க்கரையோடு தைராய்டையும் பார்ப்போம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் சேர்ந்தால் காசநோயா என்று பார்ப்போம். முயற்சி எதுவும் இல்லாமல் 6 முதல் 12 மாதத்தில் எடையில் 5 சதவீதம் போனாலே, அதாவது 60 கிலோவில் 3 கிலோ, காரணம் தேட வேண்டும்.

வெளுப்பை முகத்தில் தேடாதீர்கள், மாநிறத்தில் தெரியாது. கீழ் இமையை இறக்கி உள்பக்கம் பாருங்கள். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) போனால் ரத்தசோகை.

வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்குக் கண் குழி விழுந்து, அழுதாலும் கண்ணீர் வராவிட்டால் அது நீரிழப்பு. உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒட்டிய கன்னம் என்னையும் ஏமாற்றியிருக்கிறது. ஒரு பாட்டியைப் பார்த்துவிட்டு என்னென்னவோ பரிசோதனைகள் எழுதப் போனேன். எடை போன வருடம் இருந்த அதே எடை. அப்புறம்தான் பாட்டி கைப்பையைத் திறந்து காட்டினார். "பல்செட் கடிக்குதுப்பா, கழட்டி வச்சிருக்கேன்."