டிக்கெட்டை மூடிவிட்டோம், கோளாறு அப்படியே இருக்கிறது

திங்கட்கிழமை காலை 9 மணிக்கு சர்வர் தொங்கிவிடும். ஹெல்ப்டெஸ்கில் ஒருவர் ரீஸ்டார்ட் செய்வார், 20 நிமிடத்தில் டிக்கெட்டை, அதாவது அந்தப் புகாரின் பதிவை, மூடிவிடுவார்கள். நான் ஆலோசனைக்குப் போன ஒரு நிறுவனத்தில் இப்படி 11 வாரம் ஓடியிருந்தது. மாத அறிக்கையில் எஸ்எல்ஏ, அதாவது இத்தனை நேரத்துக்குள் சரிசெய்வோம் என்று கொடுத்த வாக்குறுதி, முழுக்கப் பச்சை. "ஐடிஐஎல் படிதான் சார் நடக்கிறோம்" என்றார் மேலாளர்.

ஐடிஐஎல் என்பது பிரிட்டன் அரசின் கணினி முகமை 1980களில் தொகுக்கத் தொடங்கிய, ஐடி சேவைகளை நடத்துவதற்கான நடைமுறைத் தொகுப்பு. 2019-ல் வந்த நான்காம் பதிப்பில் 34 நடைமுறைகள் இருக்கின்றன. அத்தனையையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இன்சிடென்ட் வேறு, பிராப்ளம் வேறு என்பதை மட்டும் விட்டுவிட்டால் மிச்சம் எதுவும் கைகொடுக்காது.

சேவை நின்றுபோனது இன்சிடென்ட். எப்படியாவது சீக்கிரம் ஓடவைத்தால் அந்த வேலை முடிந்தது, ரீஸ்டார்ட்டும் அதில் சேர்த்தி. ஏன் நின்றது என்பது பிராப்ளம். அதற்குத் தனிப் பதிவு, தனிப் பொறுப்பாளர், தனி அவகாசம் வேண்டும். அங்கே டிக்கெட் மென்பொருளில் பிராப்ளம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு பதிவுகூட இல்லை!

பதிவு ஒன்றைத் தொடங்கி உட்கார்ந்ததும், இரண்டே நாளில் காரணம் கிடைத்தது. ஞாயிறு இரவு பேக்கப், தற்காலிகக் கோப்புகளை அந்த சர்வரின் டிஸ்கிலேயே எழுதி நிரப்பிக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் அவற்றை அழித்துவிடும், அதனால் அடுத்த வாரம்வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும்.

(சான்றிதழ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐடிஐஎல் தேர்வு ஆட்களுக்கு. நிறுவனத்துக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் ஐடி சேவை நிர்வாகத்துக்கென 2005-ல் வந்த ஐஎஸ்ஓ 20000 தரநிலைக்குத்தான் தணிக்கை. இரண்டையும் குழப்பிக்கொண்டு விளம்பரம் கொடுப்பவர்கள் உண்டு.)

சரி, காரணம் தெரிந்துவிட்டது. பேக்கப் எழுதும் இடத்தை மாற்ற ஒரே ஒரு வரி. இளைஞர் ஒருவர் உடனே கீபோர்டைத் தொட்டார், நான் தடுத்தேன். அந்த வரியை நம்பி வேறு என்னென்ன ஓடுகிறது என்று கேட்டேன். தணிக்கைக்கான அறிக்கை ஒன்று அதே இடத்திலிருந்துதான் கோப்புகளை எடுத்துக்கொண்டிருந்தது. மாற்றக் கோரிக்கை எழுதி, பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் அதிலேயே குறித்து, சனிக்கிழமை செய்தார்கள். திங்கள் காலை 9 மணிக்கு ஹெல்ப்டெஸ்கில் அந்த போன் வரவில்லை.