மழைக்கு முன்பே மதகைத் திறக்கலாமா?

சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கனஅடி. நவம்பர் கடைசி, நீர்மட்டம் 22 அடி, வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் என்று வைத்துக்கொள்வோம். திறந்துவிட்ட பிறகு மழை பொய்த்தால் கோடையில் சென்னை குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும். 2019-இல் நின்றது. தேக்கிவைத்து மழை கொட்டினால், ஏரி நீர் போய்ச் சேரும் அடையாறு கரை தாண்டும். 2015 டிசம்பர் 1 அன்று விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறக்க நேர்ந்தது.

முதலில் நேரக் கணக்கு. விநாடிக்கு 1000 கனஅடி திறந்தால் நாளொன்றுக்கு 86.4 மில்லியன் கனஅடி வெளியேறும். ஏரியில் மிச்ச இடம் 500 மில்லியன் கனஅடி என்றால், விநாடிக்கு 10,000 கனஅடி நீர்வரத்து அதை 14 மணி நேரத்தில் நிரப்பிவிடும். இன்னொரு 500-க்கு இடம் பண்ண, வரத்தே இல்லாதபோதும், 2000 கனஅடி வீதம் மூன்று நாள் திறக்க வேண்டும். கடைசி நேரத்தில் 12 மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்த்தால் 11,500 கனஅடிக்கு மேல் போகும். அந்த நேரத்தில் ஆறும் தன் மழையால் நிறைந்திருக்கும்.

ஐரோப்பிய வானிலை மையம் தொடக்க நிலவரத்தைச் சற்றே மாற்றி மாற்றி 51 கணிப்புகளை எடுக்கிறது. அவற்றில் 8-இல் ஏரி தாங்காது என்று வந்தால் ஆபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 16 சதவீதம். பலர் சறுக்குவது இங்கேதான்: 51-க்கும் சராசரி எடுத்து, ‘கொள்ளும்’ என்று இருந்துவிடுகிறார்கள். சேதம் அந்த எட்டில் அல்லவா இருக்கிறது!

வீணாகத் திறந்தால் வரும் நட்டத்தை, திறப்பதால் தவிர்க்கக்கூடிய வெள்ளச் சேதத்தால் வகுக்க வேண்டும். சேதம் பத்து மடங்கு என்றால் விடை 10 சதவீதம். வாய்ப்பு அதைத் தாண்டினால் திறப்பதே சரி. 16 தாண்டுகிறது. மழை வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தும் திறக்கிறோம்.

இந்த 10 சதவீத வரம்பு நிலையானதல்ல. அக்டோபரில் விட்ட தண்ணீரை வடகிழக்குப் பருவமழை திரும்பத் தந்துவிடும், நட்டம் சிறிது. டிசம்பர் இறுதியில் விட்டால் அடுத்த மழை வரை கிடையாது, வரம்பு மேலேறும். அதனால் ஏரியில் எவ்வளவு இடம் காலியாக வைப்பது என்பதை மாதத்துக்கு மாதம் மாற்ற வேண்டும்.

ஒரேயடியாக முடிவெடுக்கவும் தேவையில்லை. 2020 நவம்பர் 25, நிவர் புயலின்போது, 22 அடியில் முதலில் 1000 கனஅடிதான் திறந்தார்கள். பிறகு வரத்தைப் பார்த்து உயர்த்தினார்கள். சிறிதாகத் திறந்த மதகை அடுத்த கணிப்பு வந்ததும் மூடலாம், ஏற்றலாம்.

திறந்து மழை வராவிட்டால் அதிகாரியைத் திட்டுவது நம் வழக்கம். திட்டினால் அடுத்த முறை அவர் தாமதிப்பார். திறந்த நேரத்தில் கையில் இருந்த வாய்ப்பு, வரத்து, மட்டம் மூன்றையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அவர் எடுத்த முடிவை அந்தப் பக்கத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.